திராட்சை ரசமும் வால்வு நைனாவின் கைகளும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓடுகிற, நிற்கிற, கொதிக்கிற எதையும் தொட்டுப் பார்க்காமல் வால்வு நைனா கடந்து போனதாக வரலாறே இல்லை. கேன்டீன் ரசக் குண்டான், மேனேஜர் காரின் பேனட், என் ஸ்கூட்டரின் சைலன்ஸர் எல்லாவற்றிலும் அவர் விரல் பதிந்திருக்கும். புதிதாக வந்த தீயணைப்புக் கருவியை, "இன்னாதான் கீது, பாப்போமே" என்று ஒருமுறை தொட்டார். கணக்குப் பிரிவு முழுவதும் வெள்ளையாகிவிட்டது.

நான் மூன்று வருடம் வேலை பார்த்த பழச்சாறு ஆலையில், சாற்றைச் சூடாக்கும் இயந்திரத்தை ஓட்டியவர் அவர். நான் தரக் கட்டுப்பாட்டு லேப்.

அந்த ஆலைக்கு ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. யூதர்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டில் மதுவுக்குப் பதிலாகக் குடிக்கும் திராட்சை ரசம். மதுவுக்கு என்ன சட்டமோ அதுவேதான் இதற்கும்: யூதர் அல்லாதவர் கை படக்கூடாது. மேற்பார்வைக்கு ரபி ஒருவர், அதாவது அவர்களுடைய மதகுரு, இரண்டு உதவியாளர்களோடு வருவதாக ஏற்பாடு.

அவர்கள் முன்கூட்டியே அனுப்பிய விதிகளை நான் பட்டியல் போட்டேன். ஒன்று, திராட்சையை நசுக்கும் நொடியிலிருந்து அவர்கள் மூவர் மட்டுமே சாற்றைக் கையாள வேண்டும். இரண்டு, வால்வு, பம்பு, குழாய் எதையும் நாம் தொடக்கூடாது. மூன்று, சாறு எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டிவிட்டால் வெந்ததாகக் கணக்கு. பிறகு யார் தொட்டாலும் குற்றமில்லை. அதற்கு முன் ஒரு விரல் பட்டாலும் இரண்டு லாரி திராட்சை வீண்.

இதை நைனாவிடம் சொல்ல இரண்டு நாள் தயங்கினேன். நம் ஊரில் ஒருவரைப் பார்த்து 'தொடாதே' என்பது லேசான சொல் இல்லை. சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது.

"நான் தொட்டா இன்னா மேடம் ஆயிடும்?"

"நீங்க மட்டும் இல்ல நைனா. நானும் தொடக்கூடாது."

"மேனேஜரு?"

"அவரும்தான்."

"மொதலாளி?"

"அவரும்."

முகம் மலர்ந்தது. "இது நாயமான சட்டம் மேடம்! பிராந்தி, பீருக்கும் இப்டித்தானா?"

"பிராந்தி திராட்சைலருந்து வருது, அதுக்கு உண்டு. பீருக்கு இந்தக் கெடுபிடி இல்ல."

"பாத்தீங்களா, பீரு எப்பவுமே நல்ல மன்சன்."

ரபி வந்த அன்று இயந்திரத்தைச் சுற்றி நைனாவே சாக்பீஸால் கோடு போட்டார். இரண்டு கைகளையும் அக்குளில் செருகிக்கொண்டு காவல் நின்றார். வழக்கம்போல ருசி பார்க்க வந்த மேனேஜர், மாதிரி எடுக்கும் குழாயை நோக்கிக் கையை நீட்டினார்.

"சார்! கையி!"

"யோவ், நான் மேனேஜர்யா."

"இர்ந்துக்கோ சார். கோட்டுக்கு அந்தாண்ட இர்ந்துக்கோ."

பணியில் சேர்ந்த நாள் முதல் இந்த ஒரு வாக்கியத்துக்காகவே காத்திருந்தவர் மாதிரி நிதானமாகச் சொன்னார். ரபி தலையசைத்துப் பாராட்டினார்.

பிரச்சினை மதியம் வந்தது. வெப்பம் எழுபத்தெட்டில் நின்றுவிட்டது. சூடு போதாத சாறு திரும்பத் திரும்ப டேங்குக்கே போய்க்கொண்டிருந்தது. ஓட்டத்தைக் குறைத்தால் சூடு ஏறும். ஆனால் அந்தப் பழைய வால்வை உதவியாளர் திருகினால் ஒன்று முழுதாக அடைத்துக்கொண்டது, இல்லையென்றால் முழுதாகத் திறந்துகொண்டது. அதன் பக்குவம் நைனாவின் மணிக்கட்டுக்கு மட்டும்தான் தெரியும். "ஒரு சுண்டு சுண்டணும்" என்பதை நான் ஆங்கிலத்தில் ஐந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். பலிக்கவில்லை.

நைனாவின் கை அக்குளிலிருந்து வெளியே வந்தது. வால்வை நோக்கி ஒரு சாண் நீண்டது. அந்தக் கை சட்டென்று திரும்பி மேனேஜரின் மணிக்கட்டைப் பிடித்தது.

"சாமி, இங்க பாரு! இப்டி கால் திருப்பு... அப்பால லேசா பின்னால இஸ்து..."

"ஐயோ, கைய உடுய்யா!"

"ஆடாத சார். வால்வு ஆடுமா?"

உதவியாளர் மேனேஜரின் கையைப் பார்த்துப் பார்த்து வால்வைத் திருப்பினார். எண்பது. எண்பத்துமூன்று. எண்பத்தாறு.

ரபி சிரித்தபடி நைனாவைப் பார்த்து ஏதோ சொன்னார். "இனிமே நீங்க தொடலாமாம்" என்றேன்.

நைனா உடனே ஓடவில்லை. கைகளைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்தார். மெதுவாகப் போய், காய்ச்சல் பார்ப்பதுபோலக் குழாயில் ஒரு கணம் புறங்கையை வைத்து எடுத்தார்.

"வெந்துட்ச்சி மேடம்."

மீட்டரை நான் முன்பே பார்த்துவிட்டேன். ஆனாலும் அவர் அதைச் சொல்லும்வரை, பதிவேட்டில் எழுத என் பேனா மூடியைத் திறக்கவில்லை.