செதில் அரக்கும் ஒட்டிக்கொண்ட சம்பந்தமும்

தப்பு என்மேல் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் என்னைத் திட்டித்தான் தொடங்குவார்கள்.

என் தங்கை கோமதியைப் பெண் பார்க்கக் குப்பனூரிலிருந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். பேச்சு முடியாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் என்று பொருள். ஆனால் மாப்பிள்ளையின் அப்பாவுக்கு மூட்டுவலி, தரையில் உட்கார முடியாது. எங்கள் ஏற்காட்டு வீட்டிலோ தோட்டத்துச் சில்வர் ஓக் மரத்தில் செய்த மேசை ஒன்று, பாலிஷ் காணாமல் வெறும் மரமாகக் கிடந்தது. "அதை என்கிட்ட விடுங்க" என்றேன். (நான்கு வீடியோ பார்த்த தைரியம்.)

சேலத்துக் கடைக்காரர் ஒரு டின்னை எடுத்து வைத்தார். "அரக்கு பாலிஷுங்க. கலந்தே வருது. தொறந்து பூசுனாப் போதும்."

"எப்பக் கலந்ததுங்க?"

"அதைக் கம்பெனிக்காரனைத்தான் கேக்கோணும்."

விடுவேனா? கலந்த அரக்கு நாள்பட்டால் காயாது, பிசுபிசுவென்று ஒட்டும் என்று அவருக்கே பாடம் எடுத்துவிட்டு, செதில் செதிலாக இருக்கும் அரக்கையும் அதைக் கரைக்க ஸ்பிரிட்டையும் வாங்கினேன்.

"அண்ணா, அவங்க வர்றது நாளைக்கு. டின்னே வாங்கிக்கலாம்" என்றாள் கூட வந்த கோமதி. கல்யாணப் பெண்ணுக்கு அரக்கைப் பற்றி என்ன தெரியும்?

செதில் நன்றாகக் கரைய ஓர் இரவாவது ஊற வேண்டும். என் பொறுமை சாயங்காலம் வரைதான் ஊறியது. பாகு மாதிரி கெட்டியாக இருந்ததை எடுத்துப் பூசினேன். அடடா, என்ன நிறம்! மலைத்தேன் தோற்றது. அந்த ஆசையில் மேலே மேலே பூசினேன். ஸ்பிரிட் நாற்றம் போகட்டும் என்று அம்மா சன்னலைத் திறந்துவைத்தார். (கவனியுங்கள், திறந்தது அம்மா.) ஏற்காட்டு மூடுபனிக்கு அழைப்பு வேண்டுமா? காலையில் மேசை பனியின் ஈரம் ஏறிச் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்திருந்தது.

"காஞ்சுதாடா?" என்றார் அப்பா.

விரல் நுனியால் தொட்டுப் பார்த்து, "காஞ்சிருச்சுங்க" என்றேன். வெளுப்பை இலைகள் மறைத்துவிட்டன.

பேச்சு நல்லபடியாக முடிந்தது. எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுடச்சுடச் சோறு, கொதிக்கும் ரசம். அந்தச் சூட்டில் இலைக்கு அடியில் அரக்கு இளகும் என்று யாருக்குத் தெரியும்? சாப்பிட்டு முடித்த மாப்பிள்ளையின் அப்பா, உறவு நிலைக்க வேண்டுமென்று இலையைத் தன் பக்கம் மடிக்கப் போனார். இலை வரவில்லை. இழுத்தார். ஓரம் மட்டும் கிழிந்து கையோடு வந்தது.

"ஏனுங்க, இலை எந்திரிக்க மாட்டேங்குதுங்களே!"

வரிசையாக எல்லோரும் இழுத்தார்கள். ஓர் இலையும் மடியவில்லை. "நல்ல காரியத்துல இலை மடியலீன்னா எப்படிங்க..." என்று மாப்பிள்ளையின் அத்தை இழுத்தார். அம்மாவின் முகம் செத்துவிட்டது. தங்கையின் வாழ்க்கையை என் கையாலேயே மேசையில் ஒட்டிவிட்டேனோ என்று பயந்தேன். "மூடுபனிங்க" என்று சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அப்போது சமையலறையிலிருந்து கோமதி தோசைத் திருப்பியோடு வந்தாள். வெட்கம், தலைகுனிவு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவுடைய இலைக்கு அடியில் அதைச் செருகி, சர்ரென்று ஓர் இழுப்பு. மேலும் கிழியாமல் கிளம்பிய இலையை அவர் பக்கமே மடித்துவைத்து, "மடிச்சாச்சுங்க மாமா" என்றாள்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்தக் கண்ணு எங்க ஊட்டுக்கு வந்தா நொம்ப நல்லா இருக்கும். அரக்குப் பூசுன அண்ணனை மட்டும் இங்கயே வெச்சுக்குங்க!"

கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து குப்பனூரில் எனக்கு விருந்து என்றால், உப்பு வைக்கும் முன் இலைக்குப் பக்கத்தில் தோசைத் திருப்பி வந்துவிடும். நான் அதைத் தொடுவதில்லை.

அரக்கை யாரும் சுரண்டவில்லை. மாமா உட்கார்ந்த இடத்தில் வாழையிலையின் நரம்புகள் வரிவரியாக அப்படியே பதிந்திருக்கின்றன. வீட்டுக்கு வரும்போதெல்லாம் கோமதி அங்கேதான் உட்காருவாள். போன வாரமும் அந்த வரிகளைத் தடவிக்கொண்டிருந்தாள். எனக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"பாரு, டின்னு வாங்கியிருந்தா இது கிடைச்சிருக்குமா?" என்றேன்.

"கிடைச்சிருக்காது அண்ணா" என்றாள். "நிம்மதியாச் சோறு தின்னிருப்போம்."