சலவைக்கூடத்தில் ஒரு வாக்குப்பெட்டி

டென்மார்க் அரசாங்கம் இதுவரை நடத்திய தேர்தல்களை எல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும், எங்கள் ‘வாக்குப்பெட்டி’ அண்ணை நடத்தியவற்றில் பாதிகூடத் தேறாது.

கோல்டிங் நகரில், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் தோய்த்து, இஸ்திரி போட்டு மினுக்கி அனுப்பும் சலவைக்கூடத்தில் ஒன்றாக வேலை செய்தோம். அவர் ரங்கூனில் பிறந்த தமிழர். சொந்தப் பெயர் சம்பளக் கந்தோருக்கு மட்டும்தான் தெரியும். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, வானொலியில் எந்த நிலையம், கோப்பிக்கு எவ்வளவு தூள், எல்லாவற்றுக்கும் இரகசிய வாக்கெடுப்பு. கோப்பி வடிக்கும் தாளைக் கிழித்தால் வாக்குச்சீட்டு. சவர்க்காரத்தூள் வாளிதான் பெட்டி. ஜன்னல் விஷயத்தில் ஒருமுறை வாக்குகள் சமமாக விழுந்து, குளிர்காலம் முழுவதும் அது பாதி திறந்தே கிடந்தது. எனக்குத் தடிமன் பிடித்ததுதான் மிச்சம்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இந்த வேலையும் போனால் எங்கே போவது என்ற நினைப்பு எப்போதும் என்னை விடாது. கோப்பிக்கு வாக்குப் போடும்போதுகூட யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

எங்களோடு வேலை செய்த மட்டக்களப்புச் செல்வம், மகளின் பிறந்தநாளுக்கு வாக்குப்பெட்டியை அழைத்ததுதான் பிழை. “முதல்ல கேக்கோ, சாப்பாடோ?” என்று யாரோ கேட்டுவிட்டார்கள். மனிதர் கதிரையில் ஏறிவிட்டார்.

“பிள்ளைங்களுக்கும் ஓட்டு உண்டு!”

“அண்ணை, புரியாணி ஆறுது,” செல்வம் கெஞ்சினார்.

“ஆறட்டும்ப்பா. ஜனங்க தீர்ப்புச் சொல்லட்டும்.”

கேக்குக்கு அமோக வெற்றி. நெய் உறைந்த புரியாணியைக் கட்டிகட்டியாக உடைத்துத் தின்றோம்.

“உங்களுக்கென்ன விசரோ அண்ணை?” என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

“ரங்கூன்ல ராணுவத்தை எதிர்த்து மாணவங்க தெருவுல இறங்கினப்ப, நானும் கடையைச் சாத்திட்டு இறங்கினேன் தம்பி. சுட்டாங்க. அப்புறம் அவங்களே தேர்தல் வெச்சாங்க. வரிசையில நின்னு ஓட்டுப் போட்டேன். நம்ம பக்கம் ஜெயிச்சுது. அவங்க நாற்காலியை விடல. எங்கயாவது ஒரு தடவை என் ஓட்டு செல்லுபடியாகட்டுமே!”

இலங்கையில், வன்னியில் போர் முடிந்த அந்த மே மாதம், அங்கே இருந்த என் தங்கச்சியிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அகதி முகாமில் இருக்கிறாளா, உயிரோடுதான் இருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. அவளிடம் என் கைபேசி எண் இருந்தது. ஆனால் வேலைநேரத்தில் கைபேசிக்குத் தடை. முன்பு யாருடையதோ மினுக்கும் இயந்திரத்துக்குள் போய், விரிப்போடு சேர்ந்து தட்டையாக வெளியே வந்திருந்தது. நான் கழிப்பறைக்கென்று சொல்லி, கைபேசி கிடந்த அலுமாரிக்கு ஓடி ஓடிப் போனேன்.

வாக்குப்பெட்டி வாளியைத் தூக்கினார். தம்பி போனைப் பக்கத்தில் வைத்திருக்கலாமா? எதிராக ஒரு சீட்டுக்கூட விழவில்லை. முடிவை மேற்பார்வையாளர் கிர்ஸ்டனிடம் கொண்டுபோனார்.

“விதி விதிதான். இதற்கெல்லாம் வாக்கெடுப்புக் கிடையாது,” என்றாள்.

அவர் போய் மினுக்கும் இயந்திரத்துக்கு முன்னால் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். பக்கத்தில் செல்வம். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். எனக்காக நடந்த அந்தப் போராட்டத்தில் நின்றுகொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

“இரடாப்பா!” என்று செல்வம் என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தார்.

“வேலை போயிடும் அண்ணை.”

“போனா எல்லாருக்கும்தான் போகும். இரு!”

கிர்ஸ்டனின் கண்ணில் படாதபடி செல்வத்தின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

விரிப்புகள் மலையாகக் குவிந்தன. கிர்ஸ்டன் மலையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். “போனை ஜன்னல் ஓரத்தில் வைக்கட்டும்,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் அது அடித்தது. பாய்ந்து எடுத்தேன். இயந்திர இரைச்சலில் ஒரு சொல்லும் விளங்கவில்லை. “ஹலோ, ஹலோ” என்று கத்துகிறேன், தொடர்பு அறுந்துவிடுமோ என்று உயிர் போகிறது. திடீரென்று கூடம் முழுவதும் ஓய்ந்தது. வாக்குப்பெட்டி, அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தார்.

“அண்ணா, நான்தான். முகாமில இருக்கிறன்.”

கிர்ஸ்டன் ஓடிவந்தாள். “யாரைக் கேட்டு நிறுத்தினாய்?”

“யாரையும் கேட்கவில்லை,” என்றார் டெனிஷில். பொத்தானை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்திருந்தது.

“சாப்பிட்டாங்களான்னு கேளு தம்பி.”

கேட்டேன். சாப்பிட்டாளாம். அதைச் சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.