நீக்கிலாஸ் ஆர்.எம்.ரி.

"அங்கிள், கெதியா! கால் கல்லாப் போச்சு!"

ரூஜ் பூங்காவின் வாகனத் தரிப்பிடத்தில், ஒரு மடக்கு மேசையில் குப்புறக் கிடந்து கத்தினான் சைக்கிள் அணித் தலைவன் பிரசாந். பக்கத்தில் நல்லெண்ணெய்ப் போத்தலோடு நின்ற நீக்கிலாசுக்கு அவனைவிட அதிகமாக வியர்த்தது. அணியின் மசாஜ் வைத்தியர் அவர்தான். ஆனால் மசாஜ் தெரியாது. டோர்செட் பார்க்கில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடத்தான் தெரியும்.

இந்த வில்லங்கம் ஒரு படிவத்தில் தொடங்கியது. 2009 மே மாதத்தோடு இலங்கையில் சண்டை முடிந்திருந்தது. முகாம்களில் அடைபட்டவர்களின் பெயர்ப் பட்டியலை ரொறன்ரோவிலிருந்து ஒட்டாவாவுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்ப் பாராளுமன்ற வாசலில் கொடுப்பதென்று பெடியள் முடிவெடுத்தார்கள். பட்டியலில் முப்பத்தேழாவது பெயர் ரதி, நீக்கிலாசின் ஒரே தங்கை. அந்தத் தாளை யாரோ கொடுக்க, தான் வீட்டிலிருந்து ரீவியில் பார்ப்பதா? தோடம்பழம் உரித்துக் கொடுக்கவாவது கூடப் போகவேண்டுமென்று தொண்டர் படிவத்தை நிரப்பினார். பெயரை முதலிலும் முதலெழுத்துகளைப் பின்னாலும் போடச் சொல்லியிருந்தது. இராயப்பு, மரியாம்பிள்ளை, தோமாஸ் என்று பாட்டனையும் தகப்பனையும் ஞானஸ்நானப் பெயரையும் சுருக்கி எழுதினார்: நீக்கிலாஸ் ஆர்.எம்.ரி.

கனடாவில் ஒருவரின் பெயருக்குப் பின்னால் அந்த மூன்று எழுத்தும் நின்றால், அவர் முறையாகப் பதிவுபெற்ற மசாஜ் வைத்தியர் என்று அர்த்தமாம். அது நீக்கிலாசுக்குத் தெரியவந்தபோது, தோடம்பழம் உரிக்க வந்த அத்தனை பேரையும் இடமில்லையென்று கழித்துவிட்டார்கள். சைக்கிள்களின் பின்னால் போகிற வான் வண்டியில் மூன்றே மூன்று இருக்கைதான். டொக்ரர் புனிதவதி, வான் ஓட பஸ்ரியன், மசாஜுக்கு நீக்கிலாஸ். மனுசன் வாயை மூடிக்கொண்டார்.

இன்றைக்கு ஒத்திகை ஓட்டம். காலையில் முதல் பெடியன் வந்து படுத்ததும் நீக்கிலாஸ் தெரிந்த தொழிலைச் செய்தார். மாப் பிசைகிற மாதிரியே கெண்டைக்காலைப் பிசைந்தார், உருட்டினார், திருப்பிப் போட்டு ஒரு தட்டுத் தட்டினார்.

"அங்கிள், அமேசிங்!" என்று அவன் துள்ளி எழும்ப, பின்னால் வரிசை வைத்துவிட்டார்கள்.

ஆனால் எண்ணெய் கூடிப்போயிற்று. இரண்டாவது பெடியனின் கால் பெடலில் வழுக்கி, ஆள் பற்றைக்குள் போய் விழுந்தான். எண்ணெயை எடுக்க வேண்டுமே! மத்தியான ரொட்டிக்குக் கொண்டுவந்த கோதுமை மாவை மூன்றாவது பெடியனின் காலில் தூவினார். அது வெயிலுக்கு இறுகி மயிரோடு ஒட்டிக்கொண்டது. உரித்தபோது அவன் போட்ட சத்தத்தில் குளத்து வாத்துகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

"பிசையாமல் மெல்ல நீவி விடுங்கோ. குடிக்கத் தண்ணியும் உப்பும் குடுங்கோ" என்றார் வானுக்குள்ளிருந்த பஸ்ரியன். டாக்ஸி ஓடுகிற மனுசன்.

"நீங்கள் வானைப் பாருங்கோ, அண்ணை" என்று சுள்ளென்று சொன்னார் நீக்கிலாஸ்.

இப்போது தலைவனே விழுந்து கிடக்கிறான். பிசையப் பிசையக் கால் இன்னும் இறுகியது.

"இது டொக்ரர் பாக்கவேண்டிய கேஸ்" என்று நைசாக விலகினார்.

புனிதவதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், திரும்பவும் போட்டார். "இதுக்கு மசாஜ்தான் நல்லது, அண்ணை."

"இல்லை டொக்ரர், நீங்கள் ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ."

"ஐயோ, உங்கட தொழிலுக்கை நான் கை வைக்கமாட்டன்."

"ஆராவது ஒராள் கை வையுங்கோவன்!" என்று அலறினான் பிரசாந்.

வான் கதவு திறந்தது. பஸ்ரியன் இறங்கி வந்து, அவனைப் புரட்டி, முழங்காலை நிமிர்த்தி, பாதத்தை மெல்ல மேலே மடக்கிப் பிடித்தார். அரை நிமிடத்தில் கால் இளகிவிட்டது.

பிரசாந் எழும்பி உட்கார்ந்தான். நீக்கிலாசுக்கு மனம் பொறுக்கவில்லை. பெடியனின் காலைக் கெடுத்தால், ரதியின் பெயர் ஒட்டாவாவுக்குப் போவது எப்படி?

"தம்பி, நான் மசாஜ்காரன் இல்லை. ஆர்.எம்.ரி. எண்டது என்ர இனிஷல். நான் ரொட்டி போடுறனான்." எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்தார். "தங்கச்சி உள்ளுக்கை கிடக்கிறாள். அவளின்ர பேரை என்ர கையாலை குடுக்கோணும் எண்டுதான் பேசாமல் இருந்தனான். என்னை இறக்கி விடுங்கோ."

பிரசாந் வாயைத் திறக்க முதல் புனிதவதி விம்மத் தொடங்கினார்.

"நானும் டொக்ரர் இல்லை, தம்பி. ஸ்கூல் பஸ் ஓடுறனான். டிரைவர் எண்டதைத்தான் சுருக்கிப் பேரோடை டி.ஆர். எண்டு எழுதினனான். நீங்கள் எல்லாரும் 'டொக்ரர் அன்ரி' எண்டு கூப்பிட்டியள். கேக்க நல்லா இருந்தது, விட்டிட்டன்."

பிரசாந் தலையில் கைவைத்தான். தொண்டர் படிவங்களைப் பார்த்து ஆளாளுக்கு வேலை பிரித்தவன் அவன்தான்.

"ஓ மை கோட்! அங்கிள், நீங்க அழாதேங்கோ. உங்கட சீற் உங்களுக்குத்தான், வந்து தோடம்பழம் உரியுங்கோ. பட், டொக்ரர் இல்லாமல் ஒட்டாவாக்கு விடமாட்டினமே! ஒரு கிழமைக்குள்ளை நான் டொக்ரருக்கு எங்கை போறது?"

பஸ்ரியன் கையில் ஒட்டிய எண்ணெயையும் மாவையும் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியிலை பதினொரு வருசம் மருந்தெழுதின பழக்கத்திலை நானும் பேரோடை டி.ஆர். எண்டுதான் போட்டனான், நீர் வானை ஓடச் சொல்லித் திறப்பைத் தந்தீர்."