பாதிப் பாறையில் நடந்த நிச்சயதார்த்தம்

எனக்குத் தன்னம்பிக்கை எப்போதும் குறைந்ததில்லை. குறைந்திருக்க வேண்டிய இடங்களிலும் குறையவில்லை என்பதுதான் சிக்கல். என் நிச்சயதார்த்தத்தன்று பெண் வீட்டார் எல்லோரும் கீழே அண்ணாந்து நிற்க, நான் ஒன்றரைப் பனை உயரத்தில் ஒரு பாறைத் திட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் தன்னம்பிக்கை நிறையவே இருந்தது. இறங்க வழிதான் இல்லை.

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. சொந்த ஊர் ஓசூர் என்றாலும் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு ஃபிட்டர் வேலை. எங்கள் ஃபோர்மேன் டேவிஸ் துரை, நாடு விடுதலை அடைந்த பிறகும் ஊர் திரும்பாமல் தங்கிவிட்ட வெள்ளைக்காரர். ஏன் திரும்பவில்லை என்று கேட்டால், "இங்கே பாறை நன்றாக இருக்கிறது" என்பார். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் பார்க்கப் போனார்கள். நானும் என் கூட்டாளி அந்தோணியும் துரையோடு மணிலாக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு பாறை ஏறப் போனோம்.

பாறை ஏறுவது என்றால் கண்டபடி தொற்றிக்கொண்டு போவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதற்கு ஒரு பரம்பரையே இருக்கிறது என்பதைத் துரைதான் சொன்னார். அவர் தேசத்தில் அந்தக் காலத்துப் பாதிரியார்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் விடுமுறை கிடைத்தால் ஆணி பதித்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு மழையில் நனைந்த பாறைகளில் ஏறுவார்களாம். வெடிப்பு, பிளவு, திட்டு என்று பாறையே காட்டும் வழியில்தான் போக வேண்டும். பாறையில் ஆணி அடிப்பது கேவலம். வெடிப்புக்குள் சிக்கியிருக்கும் கல்லில் ஒரு கயிற்று வளையத்தை மாட்டி, அதை நம்பி மேலே போக வேண்டும். பின்னால் வருகிறவன் அந்த வளையத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவான். அடுத்து ஏறுபவனுக்குப் பாறை முதல் நாள் இருந்தது போலவே இருக்க வேண்டும்.

எனக்கு இது தலைக்கேறிவிட்டது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவன் எந்த இடுக்கில் விரலை நுழைத்துப் பயந்தானோ, அதே இடுக்கில் நானும் விரலை நுழைத்துப் பயப்படலாம். புத்தகம் படித்தால் இது கிடைக்குமா? ஆலையில் எல்லோருக்கும் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். (கேன்டீனில் என் மேஜை எப்போதும் காலியாகக் கிடந்ததற்குக் காரணம் வெகுநாள் கழித்துத்தான் புரிந்தது.)

இந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்த்தார்கள். பர்கூர் பக்கம் ஒரு கிராமம், விவசாயக் குடும்பம். பெண் பெயர் காவேரி. பெண் பார்க்கப் போன அன்று அவள் தலையைக் குனிந்தபடியே இருந்ததால் நேர் வகிட்டைத் தவிர வேறொன்றையும் நான் பார்க்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் நின்ற மலையை மட்டும் நன்றாகப் பார்த்தேன். மலையா அது? யானை நிறத்தில் ஒரே கல். அடியிலிருந்து உச்சி வரை கத்தியால் கீறியது போல ஒரு வெடிப்பு. உச்சியில் இடிந்த கோட்டைச் சுவர். "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று அப்பா கேட்டபோது, "ரொம்ப நல்ல வெடிப்பு" என்று சொல்ல வாயெடுத்து அடக்கிக்கொண்டேன்.

துரையிடம் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டார். அந்த வெடிப்பைப் பற்றி அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். பழைய சண்டைக் காலத்தில் அதன் வழியாகச் சிப்பாய்கள் கோட்டைக்குள் ஏறினார்களாம். பிறகு சர்வேக்கு வந்த ஒரு துரை ஏறினாராம். அதற்கப்புறம் யாரும் ஏறியதாகத் தகவல் இல்லை. "அடுத்த முறை போகும்போது அடிப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டு வா" என்று கயிற்றைக் கொடுத்தார். 'மட்டும்' என்ற சொல் என் காதில் விழவில்லை.

நிச்சயதார்த்தம் வைகாசியில். முந்தின நாள் மாலையே ஓசூரிலிருந்து பஸ்ஸில் போய்ப் பெண் வீட்டில் இறங்கிவிட்டோம். கயிறு அந்தோணியின் பெட்டியில் இருந்தது. விடிந்தும் விடியாமலும் இரண்டு பேரும் நழுவினோம். நல்ல நேரம் முற்பகலில்தான். உச்சியைத் தொட்டுவிட்டுக் குளிக்க வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

அந்தோணி கீழே நின்று கயிற்றைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறினேன். எவ்வளவு அழகாக ஏறினேன் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் வேறு யாரும் சொல்வதில்லை. முஷ்டியை வெடிப்புக்குள் விட்டுத் திருகினால் பூட்டுப் போட்டது போல நின்றது. சரியான இடைவெளியில் இரண்டு கற்கள் சிக்கியிருந்தன, வளையம் மாட்டினேன். ஒரு பெஞ்சு அகலத்துக்குத் திட்டு வந்தது, அதில் ஓர் இச்சி மரமும் இருந்தது. ஏறி நின்று மேலே பார்த்தேன்.

வெடிப்புக்குள் எருமைத்தோல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது அசைந்தது. மலைத்தேனீ.

சத்தம் போடாமல் அப்படியே உட்கார்ந்தேன். மேலே போக முடியாது. வந்த வழியே இறங்கலாம் என்றால், ஏறும்போது கண்ணுக்கு எதிரே இருந்த பிடிகள் எல்லாம் இறங்கும்போது வயிற்றுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்கின்றன. மூன்று முறை காலை விட்டுத் துழாவிப் பார்த்து மூன்று முறையும் திரும்ப ஏறினேன். கைகளைக் கூப்பி, தேனீயைக் காட்டி, அந்தோணிக்குச் சைகை செய்தேன். அவன் வீட்டுப் பக்கம் ஓடினான்.

முதலில் வந்தவர் என் வருங்கால மாமனார் கிருஷ்ணப்பா. வாயில் வேப்பங்குச்சி. தேன்கூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குச்சியைத் துப்பினார்.

"மாப்ள, காலங்காத்தால அங்க என்னா பண்றீங்க?"

"ஏறிக்கினு இருக்கேன் மாமா."

"ஏறுற மாதிரி தெரியலியே. குந்திக்கினு இருக்கற மாதிரியில்ல தெரியுது."

அதற்குள் பின்கட்டில் பந்திச் சமையலுக்குக் கோட்டை அடுப்பு பற்றவைத்திருந்தார்கள். புகை நேராக என்னை நோக்கி வந்தது. எருமைத்தோல் முழுவதும் ஓர் அலை ஓடியது. மாமனார் வீட்டுப் பக்கம் திரும்பி இரண்டு கைகளையும் ஆட்டினார். அடுப்பில் தண்ணீர் ஊற்றினார்கள். பாதி வெந்த சாம்பார் அப்படியே நின்றது. நாயனக்காரர் குழலை வாயில் வைத்தபோது மாமனாரின் அண்ணன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் தெலுங்கு பேசிப் பழகிய அந்தப் பெரியவர் எல்லோரிடமும் உதட்டில் விரல் வைத்து, "மெல்லகா, மெல்லகா" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். ஒரு கல்யாண வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை. பாறையடியில் ஒருவர் இருமினால் எனக்குக் கேட்டது.

"கயித்த அந்த மரத்துல கட்டிட்டு எறங்கி வந்துருங்க" என்றார் மாமனார் தணிந்த குரலில்.

நியாயமான யோசனை. ஆனால் பிறகு கீழிருந்து உருவிக்கொள்ளும்படி கயிற்றை மரத்தில் இரண்டாக மடித்துப் போட்டால் தரை வரை எட்டாது. ஒற்றையாகக் கட்டினால் நான் இறங்கிவிடலாம். கயிறு மேலேயே தங்கிவிடும். துரையின் கயிறு. அதைவிட, முறை ஒன்று இருக்கிறதே.

"பாறையில எதையும் விட்டுட்டு வரக்கூடாது மாமா. அதுதான் முறை."

"யாரு போட்ட முறை?"

"இங்கிலாந்துல பாதிரியாருங்க."

மாமனார் தன் அண்ணன் பக்கம் திரும்பினார். "பையன் குடிப்பானா, சீட்டாடுவானான்னு எல்லாம் விசாரிச்சோம்" என்றார். "இதைக் கேக்கணும்னு தோணலியே."

என் அப்பா அண்ணாந்து பார்க்கவேயில்லை. பார்த்தால் உறவு உறுதியாகிவிடும் என்று பயந்திருப்பார். நான் நிதானமாக என் திட்டத்தைச் சொன்னேன்: வெயில் தாழ்ந்தால் தேனீ அடங்கும், அப்போது மெதுவாக இறங்குகிறேன். அதுவரை நல்ல நேரம் காத்திருக்காது என்றார் பெரியவர். இராகு காலம் வந்துவிட்டால் நாள் தள்ள வேண்டும், நாள் தள்ளினால் ஊர் பேசும். ஊர் ஏற்கெனவே வரப்பில் வரிசையாக நின்று பேசிக்கொண்டுதான் இருந்தது, கிசுகிசுப்பாக.

கடைசியில் பாறையடிக்கே ஜமுக்காளம் வந்தது. இரண்டு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பெரியவர் வாயசைத்து வாசித்த நிச்சயப் பத்திரிகை மேலே இருந்த எனக்கு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. "மாப்ளைக்குச் சம்மதமா?" என்று சைகையில் கேட்டார்கள். தலையை ஆட்டினேன். அந்தோணி வெற்றிலை, பாக்கு, தேங்காய், சந்தனம் எல்லாவற்றையும் பட்டு வேட்டிக்குள் வைத்து மூட்டையாகக் கட்டி, கயிற்று நுனியில் முடிந்தான். இழுத்துக்கொண்டேன். வேட்டியைக் கால்சட்டைக்கு மேல் சுற்றிக்கொண்டு, சந்தனத்தை நானே நெற்றியில் இட்டுக்கொண்டேன். (கண்ணாடி இல்லாததால் அது புருவத்தில் போய் உட்கார்ந்தது.)

பிறகு காவேரியை அழைத்து வந்து மணையில் உட்கார வைத்தார்கள். மேலிருந்து பார்த்தபோதும் அதே வகிடுதான் தெரிந்தது. அவள் பக்கத்தில் இருந்த தன் அண்ணனிடம் ஏதோ கேட்டாள். அவர் கயிற்றையும் மரத்தையும் காட்டி ஏதோ சொன்னார். காவேரி தலை நிமிர்ந்தாள். அவள் முகத்தை நான் முழுதாகப் பார்த்தது அப்போதுதான். கோபம் இல்லை. கடைக்காரனிடம் விலை கேட்பவள் போல இருந்தாள்.

"கயிறு வேணுமா, நான் வேணுமான்னு அவங்களக் கேளுண்ணா."

அண்ணன் கேட்கத் தேவையிருக்கவில்லை. அந்த அமைதியில் ஒவ்வொரு எழுத்தும் மேலே வந்து சேர்ந்தது. தேனீக்கள்கூடக் கேட்டிருக்கும்.

நான் யோசித்தேன். பாதிரியார்களை நினைத்தேன். துரையின் முகத்தை நினைத்தேன். கீழே நின்ற அத்தனை முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. பிறகு கயிற்றை இச்சி மரத்தில் கட்டினேன்.

கயிற்றைத் தொடைக்குக் கீழே விட்டு மார்புக்குக் குறுக்கே தோளில் போட்டு, உரசலிலேயே வேகத்தை அடக்கி இறங்குவது பழைய முறை. காக்கிக் கால்சட்டையில் செய்ய வேண்டிய காரியம். பட்டு வேட்டியில் செய்தால் என்ன ஆகும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, நான் சொல்கிறேன். பாதி வழியில் கருகல் வாடை வந்தது. தரையைத் தொட்டபோது வேட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை, அதன் வழியே கால்சட்டை எட்டிப் பார்த்தது. மாமனார் தன் மேல்துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றினார். அன்று மத்தியானம் பந்தியில் ஆறிப்போன சாம்பார்தான். யாரும் குறை சொல்லவில்லை. பேசுவதற்கு வேறு விஷயம் இருந்தது.

துரையிடம் கயிறு போனதைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் கயிற்றைப் பற்றிக் கேட்கவேயில்லை. "தேனீ எப்போது கிளம்பும்?" என்றார். ஐப்பசி மழைக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் போய் அந்த வெடிப்பை உச்சி வரை ஏறினோம், கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு வந்தோம். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து பார்த்தபோது பர்கூர்ச் சாலை நூலாகத் தெரிந்தது. இன்றுவரை நான் ஏறியதிலேயே சிறந்த வழி அதுதான். அந்த ஊரில் யாருக்கும் அது நினைவில்லை. 'மாப்ள எறங்குன பாறை' என்றால் மட்டும் பஸ் கண்டக்டருக்கே தெரியும்.

வீட்டில் இன்றும் நான் எதையாவது விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டால் என் மகள்கள் கேட்பது ஒன்றுதான்: "கயிறா, அம்மாவா?" போன மாதம்கூட, பாடாத ரேடியோவைத் தூக்கிப் போட மாட்டேன் என்றபோது சின்னவள் கேட்டாள்.

"அம்மாதான்" என்றேன் உடனே.

"இப்ப எவ்வளவு சட்டுனு சொல்றாரு பாரு" என்றாள் காவேரி சமையலறையிலிருந்து. "அன்னிக்கு யோசிச்சாரே, அதச் சொல்லச் சொல்லு."