லோகுவோட டெபியன்ல நான் கை வெச்ச கதை

எங்க ஊட்டுல இனிமே ஒரு பழைய கம்ப்யூட்டர் பேக்கேஜ்கூட இருக்கக் கூடாதுன்னு போன வாரம் நான் சபதம் எடுத்தேனுங்க. மனசுக்குள்ளதான் எடுத்தேன். சத்தமா எடுத்தா லோகுவுக்குக் கேட்டுரும்.

லோகுங்கறது என்ற சம்சாரம் லோகப்பிரியா. பத்தாங்கிளாஸ் பசங்களுக்கு ஊட்டுல இருந்தே லேப்டாப்புல கணக்கு ட்யூஷன் எடுக்கறா. கோபி, காரமடைன்னு எங்கெங்கயோ இருக்கற பசங்க அவ ஸ்கிரீன்ல வந்து உக்காருவாங்க. நான் திருமூர்த்தி. பீளமேட்டுல ஒரு பம்பு கம்பெனியில கம்ப்யூட்டர் செக்‌ஷனைப் பாத்துக்கறேன். அங்க என்ன கோளாறுன்னாலும் "மூர்த்தி சாரைக் கேளுங்க"ம்பாங்க. ஊட்டுல அப்படி யாரும் சொல்றதில்லீங்க.

விசயம் எங்க ஆரம்பிச்சுதுன்னா, பேக்கரியில. நானும் என்ற சிநேகிதர் அப்துல் வஹீதும் தெனமும் சாயங்காலம் அங்க டீக் குடிப்போம். பாய் கோட்டைமேட்டுக்காரரு. என்னை மாதிரியே லினக்ஸ் பைத்தியம். கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருக்கற எடத்துல நாங்க லினக்ஸ் வெச்சுக்குவோம். அதுல பல வகை உண்டு, டிஸ்ட்ரோன்னு பேரு. அடுப்பு எல்லாருக்கும் ஒண்ணுதான், சமையல்தான் வேற. பாயோடது ஃபெடோரா. ஆறு மாசத்துக்கொருக்கா புதுசு வரும். என்றது ஆர்ச். அதுல தெனமும் புதுசு. காத்தால பல்லு வெளக்கறதுக்கு முன்னாலயே அப்டேட் போட்டுருவேன். அப்பறம் சில நாளு ஸ்கிரீன் வரும், சில நாளு வராது. அதுதானுங்க வீரம்.

லோகுவோடது டெபியன். நான்தான் ஒரு காலத்துல போட்டுக் குடுத்தேன். ரெண்டு வருசத்துக்கொருக்கா ஆற அமரப் புதுசு விடுவான். அதுவரைக்கும் பேக்கேஜெல்லாம் பழசு. புரோகிராமும் அதுக்கு வேண்டிய சாமானும் சேத்துக் கட்டுன மூட்டையத்தான் பேக்கேஜும்பாங்க. லோகு அந்தப் பழசை வெச்சுட்டு ஒரு சிக்கலும் இல்லாம இருந்தா. அதுதான் எனக்குப் பொறுக்கல.

"பாய், என்ற ஊட்டுல எல்லாமே லேட்டஸ்ட்டு" அப்படின்னு அன்னைக்கு டீக்கு மேல வாய் விட்டுட்டேன்.

"தங்கச்சியோடதுமா?"

"அவளோடதும்தான். அந்த எழுதுபலகை புரோகிராம் இருக்குதுங்கல்ல, பசங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டறது, அதுல புது வெர்ஷன் ஓடுது."

"அட, அதத்தான் நானும் பாக்கோணும்னு இருந்தேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் ஊட்டுக்கு வாரேன். தங்கச்சி மிசின்லயே பாத்துக்கறேன்."

எனக்குப் பொக்குன்னு போச்சு.

ஊட்டுக்கு வந்ததும் மெதுவாக் கேட்டுப் பாத்தேன்.

"லோகு, உன்ற லேப்டாப்பைக் கொஞ்சம் அப்டேட் பண்ணிக் குடுக்கட்டுமா?"

"வேண்டாமுங்க."

"பழசா இருக்குதே அம்மணி."

"பழசுதான். ஓடுதுங்கல்ல?"

"ஓடுது. ஆனா புதுசு..."

"உங்களது புதுசுதானுங்களே. போன வாரம் ஆபீஸ் மீட்டிங்குக்கு ஸ்கிரீன் வரலைன்னு என்ற லேப்டாப்பைத்தான வாங்கிட்டுப் போனீங்க?"

"அது வேற."

"திங்கக்கெழம பசங்களுக்குக் காலாண்டு, கணக்குப் பரீட்சை. ஞாயித்துக்கெழம காத்தால கடைசி ரிவிஷன் கிளாஸ். அது ஒண்ணு நின்னு போச்சுன்னா அந்தப் பசங்க மொகத்துல நான் எப்படிங்க முழிப்பேன்? தொட்டீங்கன்னாப் பாத்துக்குங்க."

எங்கூருல மெரட்டறதுக்கும் ஒரு 'ங்க' சேத்துத்தான் மெரட்டுவாங்க. கேக்கறதுக்கு மரியாதையா இருக்கும். கை காலு மட்டும் வெடவெடங்கும்.

சனிக்கெழம வந்துச்சு. பொரட்டாசி மொதச் சனி. லோகு காத்தாலயே காரமடைக்கு ரங்கநாதரைக் கும்பிடக் கெளம்பிட்டா. பஸ் ஏத்தி உட்டுட்டு வந்த வேகத்துல அவ லேப்டாப்பைத் தொறந்தேன். பக்கத்து ஊட்டுக் கொய்யா மரத்துல ஏறுன மாதிரி நெஞ்சு அடிச்சுது.

டெபியன்ல ஆப்ட்னு ஒரு மேஸ்திரி புரோகிராம். எந்த பேக்கேஜ் வேணும்னாலும் அவன்கிட்டத்தான் கேக்கோணும். எழுதுபலகையக் கேட்டேன். அரதப் பழசான வெர்ஷனைக் காமிச்சான். புதுசு உபுண்டுங்கற இன்னொரு டிஸ்ட்ரோல இருந்துச்சு. டெபியனும் உபுண்டுவும் பங்காளிங்க. ரெண்டு ஊட்டுலயும் ஒரே ஆப்ட்தான் மேஸ்திரி. பங்காளி ஊட்டுச் சாமானு ஒண்ணே ஒண்ண எடுத்துட்டு வந்தா என்ன தப்புன்னு நெனச்சுப்போட்டேன். பங்காளி ஊட்டுல கை வெச்சா என்ன ஆகும்னு கொங்கு நாட்டுல பொறந்த பச்சக் கொழந்தைக்கும் தெரியும். எனக்குத் தெரியல பாருங்க.

உபுண்டு பேக்கேஜ் கெடைக்கற விலாசத்த டெபியனுக்குள்ள எழுதிச் சேத்தேன். எழுதுபலகையக் கூப்பிட்டேன். அது, என்ற கூட லைப்ரரிங்கற புது எடுபுடி ஒருத்தன் வந்தாத்தான் வருவேன்னுச்சு. சரி வான்னேன். லைப்ரரி, எனக்கு வேற ஒருத்தன் வரோணும்னுச்சு. கல்யாணத்துக்கு ஒருத்தரை அழைச்சா அவரு மாமனை அழைக்கலீங்களா, மச்சானை அழைக்கலீங்களாம்பாங்களே, அந்தக் கணக்கா ஆளு சேந்துட்டே போச்சு. கடைசீல வந்த ஆளுக, உள்ள இருக்கற பழைய ஆளுக எந்திரிச்சாத்தான் பந்தியில உக்காருவோம்னாங்க.

அப்பத்தான் மிசின் நின்னு ஒரு எச்சரிக்கை காமிச்சுது. இப்படிச் செஞ்சா முக்கியமானதெல்லாம் போயிரும், உனக்கு நெசமாவே தெரியுமான்னு கேட்டுச்சு. தெரியும்னா இதை இங்கிலீஷ்ல அப்படியே டைப் பண்ணுன்னுச்சு: 'ஆமா, நான் சொல்றபடி செய்.'

நான் சொல்றபடி செய். கல்யாணமான நாள்ல இருந்து என்னைப் பாத்து இப்படிச் சொல்லச் சொன்ன மொத ஜீவன் அந்த மிசின்தானுங்க. கண்ணு கலங்கிப் போச்சு. எச்சரிக்கையெல்லாம் யாரு படிச்சா? ஒரு எழுத்து உடாம ஆசையா டைப் பண்ணுனேன்.

அது நான் சொன்னபடியே செஞ்சுபோட்டுது. மொதல்ல ஸ்கிரீன் ஓரத்துப் பேனல் போச்சு. அப்பறம் ஐகான் போச்சு. கடைசியில கருப்பு ஸ்கிரீன்ல ஒரு சின்னக் கோடு மட்டும் நின்னு கண்ணடிச்சுது.

பாய்க்கு ஃபோன் போட்டேன். உண்மையச் சொல்ல வெக்கம். "பாய், என்ற சிநேகிதன் ஒருத்தன் டெபியனுக்குள்ள உபுண்டுவக் கலந்துட்டானுங்க"ன்னேன்.

"கலந்துட்டானா? அவனுக்கு மூளை இருக்குதா மூர்த்தி?"

"இல்லீங்க பாய்."

"அவன் மிசினா?"

"சம்சாரத்தோடது."

"அப்ப மொத வேலையா அந்தம்மா கால்ல உழுகச் சொல்லு. கம்ப்யூட்டரை அப்பறம் பாத்துக்கலாம்"னாரு.

நல்ல யோசனைதான். நான் கேக்கல. லோகு வந்து செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஒரு பொய்ய நெய் ஊத்திப் பெசஞ்சு வெச்சிருந்தேன்.

"லோகு, பதறாத. வோல்டேஜு ஏறி எறங்குனதுல உன்ற லேப்டாப்பு போயிருச்சு."

அவ துளசியக் கையில குடுத்தா. "அப்படீங்களா. எப்பங்க?"

"பதனோரு மணி இருக்கும். ஃபேன் அப்படியே காத்தாடி மாதிரி சுத்துச்சு. ஃப்ரிட்ஜு உறுமுச்சு. லைட்டெல்லாம் மினுக்கு மினுக்குன்னுச்சு."

"ஃப்ரிட்ஜு உறுமுச்சுங்களா?"

"புலி மாதிரி."

"ஏனுங்க, இன்னைக்குத்தான் மாசத்துக்கொருக்கா வர்ற ஷட்டவுனாச்சே? காத்தால ஒம்போதுல இருந்து நாலு வரைக்கும் நம்ம லைன்ல கரண்டே இல்லைன்னு நேத்தே மெசேஜ் வந்துச்சு. இல்லாத கரண்டுல வோல்டேஜு எங்க இருந்துங்க ஏறுச்சு?"

ஊட்டுல இன்வெர்ட்டர் இருக்குது. கரண்டு போனதே எனக்குத் தெரியலீங்க. இன்வெர்ட்டர்ல ஃபேனும் லைட்டும் ஓடும், ஃப்ரிட்ஜு ஓடாது. ஓடாத ஃப்ரிட்ஜத்தான் புலியாட்ட உறும உட்டிருந்தேன். துளசிய வாயில போட்டுட்டுத் தரையப் பாத்து நின்னேன்.

அவ திட்டலீங்க. திட்டியிருந்தா ஒரு வாயி சோறாவது நிம்மதியாத் தின்னிருப்பேன். பீரோவத் தொறந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்தா. லேப்டாப்புல சொருகுனா. என்னமோ தட்டுனா. காபி போட்டுக் குடிச்சுட்டு வந்து பாத்தா, பழைய டெபியன் பழைய எடத்துல பழையபடி உக்காந்திருக்குது.

"இது என்ன லோகு?"

"மிசின் இருக்கற இருப்பை அப்படியே படி எடுத்து வெச்சிருக்கறதுங்க. வாராவாரம் எடுப்பேன்."

"எதுக்கு?"

"ஊட்டுல நீங்க இருக்கீங்கல்ல."

ஞாயித்துக்கெழம காத்தால கிளாஸ் ஜம்முன்னு நடந்துச்சு. பசங்க சந்தேகம் கேட்டாங்க, லோகு சிரிச்சுட்டே சொல்லிக் குடுத்தா. கதவு மறைவுல நின்னு கேட்டுட்டிருந்தேன். என்ற வாய்க்கொழுப்புக்கு இந்தப் பசங்க பரீட்சையில்ல போயிருக்கும்னு நெனைக்கறப்ப எனக்கே என்னை அறையலாம் போல இருந்துச்சுங்க.

மத்தியானம் பாய் வந்துட்டாரு. பச்சப்பயறு கடைசலும் கொள்ளு ரசமும் சாப்புட்டுட்டு நேரா லேப்டாப்பு முன்னால உக்காந்தாரு. "தங்கச்சி, அந்தப் புது எழுதுபலகையக் காட்டும்மா."

நான் கண்ண மூடிக்கிட்டேன். மூடுன கண்ணுக்கு வெளிய பாய் சொல்றாரு, "அடேங்கப்பா, போன வாரம் வந்த வெர்ஷன். மூர்த்தி சொன்னது நெசம்தான்."

கண்ணத் தொறந்தேன். புது வெர்ஷன்தான். "இது எப்ப வந்துச்சு?"

"ஆடியிலயே ஃப்ளாட்பேக்குங்கற தனி வழியில போட்டுட்டேனுங்க. வெளிய வர வர அதுவே புதுசாயிக்கும்" அப்படின்னு லோகு பாய்கிட்டத் திரும்புனா. "அடியில இருக்கற டெபியனை நான் அசைக்கறதில்லீங்கண்ணா. புதுசா வேணுங்கறதை மட்டும் ஃப்ளாட்பேக்குல வாங்கிக்குவேன். அது தனக்கு வேண்டிய லைப்ரரியெல்லாம் தானே கட்டிட்டு வந்துருது. எடம்தான் கொஞ்சம் எச்சா புடிக்கும். மத்தபடி யாரையும் எந்திரிக்கச் சொல்றதில்ல."

நான் ஆப்ட்டை மட்டும்தானுங்க கேட்டேன். மெனுவப் பாக்கவே இல்ல. நிபுணன் மெனுவெல்லாம் பாப்பானா?

"எல்லாம் நீயே கத்துக்கிட்டயாம்மா?" பாய் கேட்டாரு.

"எனக்கென்னங்கண்ணா தெரியும்? எல்லாம் அவரு பாத்துக்கறதுதான்."

அவ உட்டுக்குடுக்கலீங்க. அதுதான் இன்னும் வலிச்சுது. பாய் என்னைப் பாத்த பார்வையிலயே தெரிஞ்சு போச்சு, அந்தச் சிநேகிதன் யாருன்னு கண்டுபுடிச்சுட்டாரு. வாசல்ல செருப்பைப் போட்டுட்டே காதுகிட்டச் சொன்னாரு, "அடுத்த மாசம் நம்ம லினக்ஸ் கூட்டத்துல பேக்கேஜிங்கைப் பத்தி நீ பேசறதா இருந்துச்சில்ல? தங்கச்சி பேசட்டும். நீ உன்ற சிநேகிதனைக் கூட்டிட்டு வந்து மொத வரிசையில உக்காரு."

பாயை அனுப்பிப்போட்டு உள்ள வந்தேன். லோகு சமையக்கட்டுல இருந்தா. லேப்டாப்பு தொறந்தே கெடந்துச்சு. வெக்கம் ஒரு பக்கம் இருந்தாலும், நான் எழுதி வெச்ச உபுண்டு விலாசம் எங்கியாவது ஒட்டிட்டிருந்தா அழிச்சுரலாம், அந்தப் பிராயச்சித்தமாவது பண்ணலாம்னு மனசு கெடந்து அடிச்சுது. சத்தமில்லாம உக்காந்து, நேத்து வரைக்கும் எல்லாத்தையும் தொறந்து உட்ட என்ற பாஸ்வேர்டைப் போட்டேன். மிசின் ரோசனை பண்ணி ஒரு வரி காமிச்சுது: திருமூர்த்திக்கு இங்கே அதிகாரம் இல்லை, இந்தச் சம்பவம் நிர்வாகிக்குத் தெரிவிக்கப்பட்டது.

நிர்வாகி யாருன்னு நான் ரோசிக்கறதுக்குள்ள சமையக்கட்டுல ஃபோன் 'டிங்'குன்னுச்சு.

"ஏனுங்க, மெயில் வந்துருச்சு. அதை மூடி வெச்சுப்போட்டு வெங்காயம் உரிக்க வாங்க."