அருந்ததி எந்தப் பக்கம்?

லோதி ரோடு, புது தில்லி
மார்கழி, 1983

சிரஞ்சீவி மாப்பிள்ளை கல்யாணராமனுக்கு, மாமனார் கஸ்தூரிரங்கனின் அநேக ஆசீர்வாதம். உங்கள் மாமியார் ருக்குவின் முழங்கால் நீங்கலாக இங்கே எல்லாரும் சௌக்கியம். ஜெர்மனிக் குளிரைப் பற்றி விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

உங்கள் கடிதம் கண்டேன். ராக்கெட்டில் வானத்துக்கு மேலே அனுப்பிய டெலஸ்கோப்புக்குத் திசை சொல்லும் கருவி ஒரு பக்கம் காட்டுகிறது, டெலஸ்கோப் சற்றுத் தள்ளிப் பார்க்கிறது, நன்றாகத் தெரிந்த நட்சத்திரங்களைப் பார்த்து வித்தியாசத்தைக் கண்டுபிடித்துக் கழிக்கும்வரை தை மாதம் ஜலஜாவின் சீமந்தத்துக்கு வர முடியாது என்கிறீர்கள். புருஷன் இல்லாமல் சீமந்தமா? கவலையை விடுங்கள், இந்த வேலையை நான் மொட்டைமாடியிலேயே பார்த்தவன். போன ஞாயிறு படம் தெரியவில்லை என்று ஆன்டெனாவைத் திருப்ப ஏறினேன். ருக்கு டிவி முன்னால், ஜலஜா ஜன்னலில். நான் ஒரு சுற்றுத் திருப்பினால் ருக்கு இல்லை என்பாள், ஜலஜா அதை ‘நஹீ’ என்று மேலே அனுப்புவாள். இப்படியே மத்தியானம் ஆனபிறகு, மேல்வீட்டு கன்னா வந்து, தன் ஆன்டெனாவை விட்டுவிட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். என் முறையில் தப்பே இல்லை, கம்பம்தான் அவருடையது.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்காதீங்கோ. கல்யாணத்தன்னிக்கு வாத்தியார் அருந்ததி காட்டச் சொன்னார். அது வடக்கே இருக்கிற நட்சத்திரம்னு எனக்கே தெரியும். மணையைக் கிழக்கே பார்த்துப் போடச் சொல்லி ஷாமியானாக்காரனுக்குக் கை காட்டினவனே நான்தான். கிழக்கே பார்த்து உட்கார்ந்தா வடக்கு இடது பக்கம். நீங்க வலது கையை நீட்டித் தெற்கே தண்ணித்தொட்டியைக் காட்டினேள். பகல்லே எந்த நட்சத்திரம் தெரியப்போறதுன்னு நானும் விட்டுட்டேன். அதனாலே கோளாறு கருவியிலே இல்லை, உங்க கையிலே. எப்பவும் நேர் எதிர்ப்பக்கம் காட்டறேள், அதைக் கழிச்சுட்டா வேலை முடிஞ்சது, டிக்கெட் வாங்கிடலாம்.

பெருமாள் அனுக்கிரகத்தில் சகல க்ஷேமமும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
கஸ்தூரிரங்கன்

பி.கு.: ஒட்டுவதற்குமுன் ஜலஜா இதைப் படித்துவிட்டாள். “மண்டபத்திலே வாசல் பக்கம் மேற்குப்பா. நம்ம வீட்டு வாசல் கிழக்குன்னு அங்கேயும் அதையே காட்டிட்டேள். மணை மேற்கே பார்த்துத்தான் இருந்தது. அவர் காட்டினது சரியான வடக்கு. அப்பா மனசு நோகும், பேசாம இருன்னு அன்னிக்கே என் காதிலே சொன்னார்” என்கிறாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது, உங்கள்மேல் ஆசையாகவும் இருக்கிறது. மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாகப் பாவிக்கவும். சீமந்தமும் அதே மண்டபத்தில்தான், மணையை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று ஷாமியானாக்காரன் மறுபடி என்னைத்தான் கேட்கிறான். ஆகையால் நீங்கள் அவசியம் வர வேண்டும்.