ஒரே காருக்கு இரண்டு பேச்சு

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கு எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான். நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். ஆங்கில வாத்தியாருக்கு என்ன, பாடத்தை நடத்திவிட்டு மணி அடித்ததும் போய்விடலாம். அந்தப் பாடம் வீட்டுக்கு வந்து என்ன பாடு படுத்துகிறது என்பதை அனுபவிப்பவன் நான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதையின் கருப்பொருள் என்ன, எழுதுகிறவரின் நோக்கம் என்ன என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தீர்களாம். சந்தோஷம். என் மகள் கதையோடு நிறுத்தவில்லை. நான் டிவி ரிமோட்டை எடுத்தால் அது 'அதிகாரம்'. அவள் அம்மா பதிலுக்கு ஃபேனை நிறுத்தினால் அது 'மோதல்'. குளியலறையிலிருந்து "அடுப்புல பால் இருக்கு" என்று கத்தினேன். "அப்பா, இதோட நோக்கம் தகவலா, அறிவுறுத்தலா?" என்று கேட்கிறாள். தலையில் சோப்போடு நான் ஓடி வருவதற்குள் பால் பொங்கி அடுப்பே அணைந்துவிட்டது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து வந்து கிரீஸ் கையைக்கூடக் கழுவவில்லை, மகள் எதிரே வந்து நின்றாள். அம்மா ஏன் நம் காரை ஓட்ட வேண்டும் என்று பேசினாள். உங்கள் அக்கா பல வருடமாகக் கேட்பதும், நான் பல வருடமாகப் "பார்க்கலாம்" என்பதும் உங்களுக்குத் தெரிந்ததுதான். மழையில் அம்மா பையைச் சுமந்துகொண்டு பஸ்ஸுக்கு நிற்பதை அவள் சொன்னதும் கிரீஸ் கையோடு உள்ளே போனேன். சாவியை எடுத்து உங்கள் அக்கா கையில் கொடுத்தேன். அவள் அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன்.

மறுநாள் மாலை மகள் அதே இடத்தில் நின்று, அம்மா ஏன் கார் ஓட்டவே கூடாது என்று பேசினாள். தெருமுனை வளைவு, லாரிகள், அம்மாவின் பதற்றம், அவளுக்கு ஏதாவது ஆனால் நம் கதி என்ன என்று ஒவ்வொன்றாக. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. போய்ச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அப்புறம்தான் தெரிகிறது, இரண்டுமே நீங்கள் கொடுத்த வீட்டுப்பாடமாம். "மாமா ரெண்டு பக்கமும் பேசிப் பழகச் சொன்னாங்கப்பா. உங்ககிட்ட ரெண்டுமே நல்லா வேலை செஞ்சுது" என்கிறாள். நீங்கள் இரண்டுக்கும் முழு மதிப்பெண் வேறு போட்டிருக்கிறீர்கள். "இதுல நீ எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். "அது கேள்வியில இல்லப்பா" என்றாள்.

நான் லிஃப்ட் மெக்கானிக். மேலே போகிற பட்டனை அழுத்தினால் லிஃப்ட் மேலேதான் போக வேண்டும். உங்கள் பாடத்தில் அந்த ஒழுங்கு இல்லை. அன்றிலிருந்து உங்கள் அக்கா என்னோடு பேசுவதில்லை. தட்டு வருகிறது, பேச்சு வருவதில்லை. "கொடுக்காமலே இருந்திருக்கலாம், கொடுத்துட்டுப் பிடுங்கினாரே" என்று சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். எனக்கு வலிக்கிறது. ஆகவே, பேசி ஆளைக் கவிழ்க்கும் இந்தப் பாடத்தை என் மகளுக்கு இனி நடத்தக் கூடாது. மீறினால் தலைமை ஆசிரியருக்கு எழுதுவேன்.

தங்கச்சியை விசாரித்ததாகச் சொல்லவும். குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்கள் உங்கள் வகுப்புக்கு மெதுவாகவே வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
இன்றைய நிலவரப்படி உங்கள் அக்காவின் கணவன்

பி.கு.: சாவியை உங்கள் அக்கா பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தொடவில்லை. பேசியும் பார்த்தேன். "அது வந்து" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வரவில்லை. அதனால் கடிதம் கிடைத்ததும் மகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுங்கள்: தப்புச் செய்த கணவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்பது. நான் மனப்பாடம் செய்துகொள்கிறேன். எதிர்த்தரப்பை மட்டும் எழுதச் சொல்லிவிடாதீர்கள்.